மக்காச்சோளக் காட்டுப் பண்ணைக்கீரை

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதன்பிறகு பேனா பிடித்ததெல்லாம் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட மட்டும்தான். எங்கே பெரிய ற வரும், எங்கே சின்ன ர வரும் என்று இன்றும் எனக்குக் குழப்பம் உண்டு. வரிகள் கோணலாகப் போகும். சில இடங்களில் அடித்து எழுதியிருக்கிறேன். பிழையைத் திருத்த அடித்தது கொஞ்சம், எழுதக் கூச்சப்பட்டு அடித்தது அதிகம். படிப்பவர்கள் நிதானமாகப் படித்தால் புரியும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையைப் பார்த்த பக்கம். வானம் பார்த்த காடுகள். மக்காச்சோளம், பருத்தி, கிணறு உள்ளவர்களுக்குச் சின்ன வெங்காயம். எங்களுக்குச் சொந்தமாகக் காடு கிடையாது. காலனியில் ஒரு தொகுப்பு வீடு இருக்கிறது.

நான் மருந்து அடிக்கிற வேலை செய்கிறேன். முதுகில் மாட்டுகிற பவர் ஸ்பிரேயர் சொந்தமாக வைத்திருக்கிறேன். மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி, படைப்புழுவுக்கு மருந்து, பருத்திக்கு மருந்து எல்லாவற்றுக்கும் சுற்றுப்பட்ட நாலைந்து ஊர்களில் என்னைக் கூப்பிடுவார்கள். இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதுதான். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு இயந்திரத்தைப் போட்டுவிட்டால் அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கு எழாது. கல்யாணத்தன்று தலையைக் குனிந்துகொண்டே மாலையைப் போட்டதில் அது அவள் கழுத்தில் விழாமல் தோளில் தொங்கியது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அவள் களை வெட்டப் போகிறவள். களை வெட்டும் பெண்களுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மக்காச்சோளத்துக்கு நடுவில் முளைக்கிற பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை எல்லாம் காட்டுக்காரருக்குக் களை. வெட்டி வரப்பில் எறிய வேண்டியவை. பெண்கள் அவற்றின் கொழுந்தை மட்டும் கிள்ளி மடியில் போட்டுக்கொள்வார்கள். யாரையும் கேட்பதில்லை. கூலியைப் போல அதுவும் அவர்களுடையது. வீட்டுக்கு வந்ததும் நாலு சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு வேகவைத்துக் கடைந்துவிடுவாள். ரேஷன் அரிசிச் சோறு அந்தக் கீரையோடு சேர்ந்தால்தான் தொண்டையில் இறங்கும். எங்கள் ஒரே மகள் அந்தக் கீரையில் வளர்ந்தவள். பால் வாங்கிக் கொடுத்ததில்லை. பழம் என்றால் காய்ச்சல் வந்தால்தான். மழைக்காலம் முழுக்க வீட்டில் கீரை இல்லாத நாள் மட்டும் இருந்ததில்லை.

பிறகு களைக்கொல்லி வந்தது. எட்டுப் பெண்கள் மூன்று நாள் குனிந்து வெட்டுகிற களையை நான் ஒருவன் அரை நாளில் முடித்துவிடுவேன். என் மனைவியின் வேலையை என் முதுகில் இருந்த டேங்க்தான் தின்றது. அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "ஊர்ல அவ அவளுக்குப் பொம்பள சக்களத்தியா வருவா. எனக்கு மோட்டார் வச்ச டேங்கால்ல வந்துருக்கு."

அவள் கூலி குறைந்தது அந்த வாரமே தெரிந்தது. கீரை குறைந்தது தெரிய நாளானது. மருந்து பட்ட காட்டில் கீரை முளைப்பதில்லை. முளைத்தாலும் தொடக் கூடாது.

அதற்கு எங்கள் ஊரில் ஓர் அடையாளம் வைத்திருந்தோம். மருந்து அடித்து முடித்ததும் காட்டின் வழியோர முனையில் ஒரு குச்சியை நட்டு, வெள்ளை உரப்பையைக் கிழித்து அதில் கட்டிவிட வேண்டும். கட்ட வேண்டியவன் காட்டுக்காரன் அல்ல, மருந்து அடித்தவன். பை பறந்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள், கீரைக்கு யாரும் இறங்க மாட்டார்கள். பை இல்லை என்றால் இறங்கலாம். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் இது தெரியும். என் மகளுக்கு நடக்கப் பழகின வயதிலேயே தெரியும்.

மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்து அரியலூரில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை ஒரு சிமெண்டு ஆலையில் காண்டிராக்டில் மூட்டை ஏற்றுகிறார். இரண்டு வருசத்துக்கு முன்னால், ஐப்பசியில், ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்த வாரமே நர்சம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"ஏழர இருக்கு. பத்தாச்சும் வேணும். இப்படியே பிரசவத்துக்கு வந்தா நானும் பயப்படணும், டாக்டரும் பயப்படணும்" என்றார். மாத்திரையை நிறுத்தாமல் போடச் சொன்னார். ஈரல், முட்டை, பேரீச்சை, கீரை, மாதுளை என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இம்புட்டையும் இவ திங்கணும்னா இவ எவ வயித்துல பொறந்திருக்கணும் நர்சம்மா?"

நர்சம்மாவும் சிரித்துவிட்டார். "எங்க வூட்லயும் ரசந்தான்க்கா. மத்தது முடியுறப்ப பாரு. கீரைய மட்டும் தெனம் போடு. நீதான் கீரைக்காரியாச்சே."

மாத்திரை போட்டால் மகளுக்குக் குமட்டியது. கையில் ஊசி குத்தி இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். சர்க்காரில் கொடுத்த பேரீச்சம்பழம் தீர்ந்துபோனது. வாரத்தில் இரண்டு நாள் முட்டை வாங்கினோம். வேப்பந்தட்டைக் கடையில் கீரைக்கட்டு கிடைக்கும். தண்ணீர் தெளித்துத் தெளித்து அடியில் அழுகியிருக்கும், பஸ்ஸில் வருவதற்குள் பாதியைக் கழித்துப் போட வேண்டும். என் மனைவி கூலிக்கு வெங்காயத் தாள் கிள்ளப் போகிற வழியெல்லாம் வரப்பு வரப்பாகப் பார்த்துக்கொண்டு போவாள். எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பை. பாதி பைகள் நான் கட்டியவை.

நான் அதிகம் வேலைக்குப் போகிற காட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் கிணற்று மேட்டில் நாலு பாத்தி உண்டு. அதில் பொன்னாங்கண்ணி, சிறுகீரை, கத்தரி, பக்கத்தில் இரண்டு முருங்கை. அந்தப் பக்கம் மருந்துக் காற்றுகூடப் படக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார். "இது வூட்டுக்குப்பா" என்பார். விற்கிறதற்கு அடிக்கலாம், வீட்டில் தின்கிறதற்கு அடிக்கக் கூடாது. இது அவர் ஒருவர் வழக்கம் அல்ல. கிணறு வைத்திருக்கிற எல்லோரும் அப்படி நாலு பாத்தியை ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அவருடைய மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். அந்தப் பாத்திக் காய்கறிகளை அங்கே உள்ள தெரிந்த குடும்பங்களுக்கு இயற்கைக் காய்கறி என்று அனுப்ப ஆரம்பித்திருந்தார்.

"காட்டுக்காரரு வூட்டு அம்மாகிட்ட ஒரு கைப்பிடி கீரை கேளேன்யா" என்றாள் என் மனைவி. "வேலைக்குப் போறல்ல. கூலியா கேக்கப் போற? மாசமா இருக்கிற புள்ளைக்குன்னு சொன்னா யாரு இல்லம்பா?"

"கேக்குறேன்."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

"கேக்குறேங்கறேன்ல."

"வாயத் தொறந்தா என்ன, உள்ள இருக்கிறது பறந்தா போயிரும்?"

மூன்று நாள் அங்கே வேலைக்குப் போனேன். மூன்று நாளும் கிணற்றில் தண்ணீர் மொள்ளும்போது அந்தம்மா பாத்தியில் நின்றார். முதல் நாள் அவரே ஏதோ கேட்டார், நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் கிட்டே வரைக்கும் போனேன். கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை ஒடித்துக் கொடுத்து, "வூட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றார். அதை வாங்கிக்கொண்டு, கீரையும் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்ததற்கு மேல் கேட்கிறான் என்று நினைத்துவிடுவார் என்று தோன்றியது. மூன்றாம் நாள் அவர் இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை இப்போது எழுதும்போது உடம்பு கூசுகிறது.

அடுத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மக்காச்சோளம் இருபது நாள் பயிர். களையும் இருந்தது, குருத்தில் படைப்புழுவும் விழுந்திருந்தது. ஒரு நாள் கூலி மிச்சம் என்று களைக்கொல்லியையும் புழு மருந்தையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்லிவிட்டார் காட்டுக்காரர். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்குள் அடித்து முடித்து, வழியோரக் குச்சியில் பையையும் கட்டிவிட்டேன்.

டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது காட்டுக்காரர் வேகமாக வந்தார்.

"ஏம்ப்பா, அந்தப் பைய அவுத்துடு. பையன்கூட மெட்ராஸ்லேர்ந்து ஆளுங்க வேன்ல வர்றாங்க, இயற்கை வெவசாயம் பாக்க. வெள்ளையா என்ன பறக்குதுன்னு கேட்டா பையன் என்ன சொல்லுவான்? மத்தியானம் போயிருவாங்க. அப்பறம் கட்டிக்க."

நான் அவிழ்த்தேன். சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வேனில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடந்தார்கள். பாத்தியில் உட்கார்ந்து தாங்களே கீரை பறித்தார்கள். அந்தம்மா வாழை நாரில் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுத்தார். சோளக் காட்டின் ஓரத்தில் முளைத்திருந்த பண்ணைக்கீரையைக் காட்டி ஒருவர் இது என்னவென்று கேட்டார். "அது களைங்க, இதுதான் நல்ல கீரை" என்று மகன் அவரைப் பாத்திப் பக்கம் திருப்பி அழைத்துப் போய்விட்டார்.

நான் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் போனதும் பையைக் கட்டிவிட்டு, அன்றைக்கு எப்படியும் அந்தம்மாவிடம் கேட்டுவிடுவது என்று இருந்தேன். அவ்வளவு கட்டுகள் கொடுக்கிறவர் ஒரு கைப்பிடி தர மாட்டாரா என்று ஒரு தைரியம் வந்திருந்தது. அப்போது ஓர் அம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

"ஐயா, நீங்கதான் இங்க எல்லாம் பாத்துக்கறீங்களா? குடுத்து வச்சவங்க நீங்க. தினமும் இந்த மாதிரி ஃப்ரெஷ்ஷா சாப்பிடறீங்க. எங்களுக்கு எங்க கிடைக்குது! வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கினார்கள். என் சட்டை முழுக்க மருந்து வாடை. "இல்லீங்க, இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கி, கொட்டகையைச் சுற்றி, வாய்க்கால் வழியாக இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்கள் சிரித்தது காதில் விழுந்தது. கேலிச் சிரிப்பு இல்லை அது. ஆனாலும் எனக்குக் கால் நிற்கவில்லை. இயந்திரத்தைக்கூட அங்கேயே விட்டுவிட்டேன். பொழுது சாய்ந்தபின் போய் எடுத்துக்கொள்ளலாம், அப்போது பையையும் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் தூறல் விழுந்தது. வேன் இன்னும் நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் வேறு ஊர்க்காரர் ஒருவர் வண்டி கொண்டுவந்து வாசலில் நின்றார். அவரிடமே ஸ்பிரேயர் இருந்தது, ஆள் மட்டும்தான் வேண்டும். வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பை எனக்கு ஞாபகம் வரவே இல்லை என்று எழுதினால் எனக்குச் சுலபம். ஞாபகம் வந்தது. பாதி வழியில் வந்தது. வண்டியைத் திருப்பச் சொல்ல வேண்டும், ஏன் என்று கேட்பார், காரணம் சொல்ல வேண்டும். யார் இறங்கப் போகிறார்கள், அந்தப் பக்கம் இப்போது கீரைக்கு ஆள் வருவதே இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மனைவி வெங்காயம் கிள்ளப் போயிருந்தாள். மகள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் நல்ல தெளிவாக இருந்தது.

"அப்பா, கைய கழுவிட்டு வா. இன்னக்கி உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்" என்றாள்.

சட்டியைத் திறந்து காட்டினாள். கடைந்த கீரை. பண்ணைக்கீரையின் பச்சை எனக்குத் தெரியாதா.

"ஏது?"

"நர்சம்மா நடக்கச் சொன்னாங்கல்ல. காலையில நடந்து போனேன். மோட்டார் கொட்டாய்க்குப் பின்னாடி மக்காச்சோளத்துல அவ்ளோ கெடக்குப்பா. மழ பேஞ்சு தளதளன்னு. மடி நெறையப் பறிச்சுட்டேன். எத்தன நாளாச்சு! ரெண்டு தட்டுச் சோறு சாப்ட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பை இல்லப்பா. நல்லாப் பாத்துட்டுதான் எறங்குனேன்" என்றாள்.

அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது, கீரைச் சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ச் சாக்கடையில் கொட்டியது. உப்பு அதிகமாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். தூறலில் மருந்து கழுவிப் போயிருக்கும், அவளும் கழுவித்தானே வேகவைத்திருப்பாள், ஒன்றும் ஆகாது என்று வேண்டிக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை 108க்குப் போன் போட்டது.

பெரம்பலூரில் டாக்டரம்மா என்ன மருந்து என்று கேட்டார்கள். இரண்டு மருந்தின் பெயரையும் சொன்னேன். அதற்கு மட்டும் எனக்கு வாய் வந்தது. உடனே வயிற்றைக் கழுவினார்கள், பாட்டில் ஏற்றினார்கள், குழந்தைக்கு நாடி பார்த்தார்கள். அவர்கள் ஒன்றும் குறை வைக்கவில்லை.

என் மனைவி வேலைக் கையோடு ஓடி வந்தாள். விரலெல்லாம் வெங்காயத் தோல். கட்டில் பக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் இருந்தபோது டாக்டரம்மா கேட்டார்கள்: "மருந்து அடிச்ச இடத்துல ஏம்மா பறிச்ச? உங்க ஊர்ல அடையாளம் எதும் வைக்க மாட்டாங்களா?"

"வைப்பாங்க டாக்டரம்மா" என்றாள் என் மனைவி. "வெள்ளப் பை கட்டுவாங்க. ஊருக்கே தெரியும். இந்தச் சிறுக்கி கீரையக் கண்ட ஆசையில பாக்காம எறங்கிட்டா போலருக்கு."

"பாத்தனேம்மா" என்றாள் மகள். குரல் எழும்பவில்லை. "பை இல்லம்மா."

"உங்கப்பன் கட்டாமயா வருவாரு? எத்தன வருசமா அடிக்கிறாரு! காத்துல கீழ வுழுந்திருக்கும், நீ கவனிச்சிருக்க மாட்ட."

மகள் என்னைப் பார்த்தாள். நான் பாட்டிலில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள், "விழுந்திருக்கும் போல" என்றாள்.

மூன்றாம் நாள் குழந்தையின் நாடி நின்றுபோனது. பெண் குழந்தை. தலை நிறைய முடி இருந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "ரத்தம் இவ்ளோ கம்மியா இருந்தா இப்படி ஆகறதுக்கு வேற காரணமே வேணாம். அந்தக் கீரையாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காட்டுக்காரர் வீட்டு அம்மா ஒரு மஞ்சள் பை நிறையக் கீரை கொடுத்து அனுப்பியிருந்தார். பொன்னாங்கண்ணி, முருங்கை, சிறுகீரை. கேட்காமலே வந்தது. என் மனைவி அதைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். காட்டுக்காரர் என்னிடம் பையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவர் மறந்தே போயிருக்கலாம். அவர் சொல்லித்தான் அவிழ்த்தேன் என்றாலும் திரும்பக் கட்ட வேண்டியவன் நான். அவர் கூப்பிட்டபோது மறுபடியும் வேலைக்குப் போனேன். போகாமல் எப்படி?

மகள் அரியலூருக்குத் திரும்பினாள். அவள் மாமியார் வாய்த் துடுக்கு உள்ளவர். "வரப்புல மேயுற ஆடு கணக்கா கண்டதையும் கடிச்சா இப்படித்தான் ஆவும். ஆடாச்சும் பையப் பாத்தா ஒதுங்கும்" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். மகள் அதற்குப் பதில் பேசவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். பேசாதது என்னைப் போல.

ஒரு முறை அவளைப் பார்க்கப் போயிருந்தேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்: "போன வாரம் கண்ணு கேம்ப் போட்டாங்கப்பா. போயிப் பாத்தேன். கண்ணுல ஒண்ணும் இல்ல, நல்லாத் தெரியுதுன்னு சொல்லிட்டாங்க. அப்பறம் ஏம்ப்பா அன்னக்கி எனக்கு அந்தப் பை தெரியல?"

டீ சூடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

இப்போது அவள் மறுபடியும் மாசமாக இருக்கிறாள். ஐந்தாம் மாதம். ரத்தம் எட்டு. அங்கே உள்ள நர்சும் அதே பட்டியலைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவள் கீரையைத் தொடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. அவள் தெருவில் எந்நேரமும் சுண்ணாம்புக்கல் லாரி போகும், செடி கொடியெல்லாம் வெளுத்திருக்கும். அதனால் என்று முதலில் நினைத்தோம். அது இல்லை. காயும் பயந்து பயந்துதான் வாங்குகிறாள், மூன்று முறை உப்புத் தண்ணீரில் கழுவுகிறாள், பிறகு பாதியைக் கொட்டிவிடுகிறாள். சோறு, ரசம், பாக்கெட் பிஸ்கட். பாக்கெட்டில் இருப்பதை நம்புகிறாள்.

குழந்தை இறந்த வருசம் நான் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கைப் போத்து நட்டேன். நன்றாக வளர்ந்திருக்கிறது. போன வியாழக்கிழமை அதில் கொழுந்தாக ஒரு பை நிறைய ஒடித்துக்கொண்டு, பெரம்பலூர் போய் பஸ் மாறி அரியலூர் போனேன்.

"நம்ம வூட்டு மரம்மா. ஒரு சொட்டு மருந்து படல. நான் நட்டது" என்றேன்.

அவள் பையை வாங்கிப் பார்த்தாள். ஓர் இலையைத் தொட்டாள். மறுபடி என் கையிலேயே கொடுத்தாள்.

"உன்ன நம்பாம இல்லப்பா. என் கண்ணத்தான் நம்ப முடியல. எனக்கு நல்லதாத் தோணுறதப் பாத்தாத்தான் பயமா இருக்கு. எடுத்துட்டுப் போயிரு, அத்த பாத்தா ஏதாவது சொல்லுவாங்க."

பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் இலை வாடி உதிர ஆரம்பித்திருந்தது. மனைவி கேட்டாள், ஏன் திருப்பிக் கொண்டுவந்தாய் என்று. அப்போதுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பையை அவிழ்த்ததிலிருந்து, மறுநாள் வண்டியில் போகும்போது ஞாபகம் வந்ததிலிருந்து, ஆஸ்பத்திரியில் நின்றது வரை. சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முருங்கை இலையை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அவ பையப் பாக்கலன்னு நான்தான்யா சொன்னேன்" என்றாள். "டாக்டரம்மா முன்னால. எம் புள்ள, பை இல்லம்மான்னு சொன்னா. நான் நம்பாம உன்ன நம்பினேன்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"போயிச் சொல்லு."

"அவ மொகத்தப் பாத்தா எனக்கு வாய் வராது."

"வராதுதான். அஞ்சாம் மாசத்துல இருக்கா. உனக்கு வாய் வர்ற வரைக்கும் வயித்துல இருக்கிறது காத்திருக்குமா? எழுது. எழுதி அவ கையில குடுத்துட்டு, அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கயே நில்லு. ஓடி வந்துராத."

அன்று இரவு அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

மூன்று நாளாக எழுதுகிறேன். முதலில் மகளுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எழுத எழுத, அவள் மாமியாரும் படிக்க வேண்டும், மாப்பிள்ளையும் படிக்க வேண்டும், வேனில் வந்தவர்கள் யார் கையிலாவது கிடைத்தால் அவர்களும் படிக்கட்டும் என்று தோன்றியது. அதனால்தான் எல்லாருக்கும் தெரிந்த விசயங்களையும் விளக்கி எழுதியிருக்கிறேன்.

படித்தபிறகு அவள் கீரை சாப்பிடுவாளா என்று எனக்குத் தெரியாது. என்னை இனிமேல் அப்பா என்று கூப்பிடுவாளா என்றும் தெரியாது. ஆனால் அந்தக் காட்டில் அன்றைக்குப் பை இல்லை. கீழேயும் விழுந்து கிடக்கவில்லை, என் சட்டைப் பையில் இருந்தது. அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.

23.11.2025, ஞாயிற்றுக்கிழமை.